செர்ரி மேசையில் வெள்ளை வட்டம்: மரவேலை கேள்வி-பதில்

கேள்வி: அமெரிக்க செர்ரி மரத்தில் சாப்பாட்டு மேசை செய்து ஆறு மாதம் ஆகிறது. ஜன்னலோரம் கிடக்கிறது. நடுவில் இருந்த பழத்தட்டை நேற்று எடுத்தால், அந்த இடம் மட்டும் வட்டமாக வெளுத்திருக்கிறது. ஸ்டெயின் (மரத்துக்கு ஏற்றும் சாயம்) அடித்தால் சரியாகிவிடும் என்கிறார் ஆசாரி. அடிக்கலாமா? - வாசகி, நங்கநல்லூர்

பதில்: வேண்டாம் அம்மா, உடனே நிறுத்தச் சொல்லுங்கள். உங்கள் மேசையில் எதுவும் வெளுக்கவில்லை. தட்டு மூடியிருந்த இடம் மேசை செய்த அன்றைய நிறத்திலேயே நிற்கிறது, சுற்றியிருப்பதுதான் சிவந்திருக்கிறது. செர்ரி வெளிச்சத்தில் நிறம் ஏறுகிற மரம். அறுத்த புதிதில் அதன் வைரம் (மரத்தின் உள்கட்டை) இளஞ்சிவப்பு கலந்த வெளிர்பழுப்பாக இருக்கும், அப்புறம் மாதக்கணக்கில் வெளிச்சம் பட்டுப் பட்டு நல்ல செம்பழுப்புக்கு வரும், அந்த அழகுக்காகத்தான் இதை வாங்குவதே. மேசையைக் கொஞ்ச நாள் காலியாக விடுங்கள், விரிப்பும் போடாதீர்கள், வட்டம் மெல்ல மெல்ல மற்ற இடத்தோடு சேர்ந்துவிடும். விளிம்பில் வெளிறிய கோடு ஏதாவது இருந்தால் அது வேறு விஷயம்: வைரத்துக்கு வெளியே உள்ள வெள்ளைப் பகுதி, அது இப்படிச் சிவக்காது.

ஸ்டெயின் அடித்தால் செர்ரி அதை ஒரே சீராகக் குடிக்காது, திட்டுத்திட்டாக நிற்கும், பிறகு சுரண்டி எடுப்பது பெரும்பாடு. கடைகளில் ‘செர்ரி கலர்’ என்று ரப்பர் மரத்தின் மேல் பூசி விற்கும் கருஞ்சிவப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள், இந்த மரத்தின் நிறம் அது இல்லை. நிறமில்லாத எண்ணெயோ பாலிஷோ போதும்.

கேள்வி: மொட்டைமாடியில் மரவேலை பழகுகிறேன். செர்ரியில் ஆரம்பிக்கலாமா? - வாசகர், பெரம்பூர்

பதில்: தாராளமாக. ரேகை நேராகவும் நெருக்கமாகவும் ஓடும், இழைப்புளி வழுக்கிக்கொண்டு போகும், தேக்கைவிடக் கொஞ்சம் எடை குறைவு (கன மீட்டருக்கு ஏறக்குறைய 560 கிலோ). கிண்ணம் கடையலாம், நகைப்பெட்டி, இழுப்பறை, கரண்டி எல்லாம் அருமையாக வரும். ஆனால் மழுங்கிய ரம்பத்தையும் ரவுட்டரையும் (விளிம்பு, பள்ளம் செதுக்கும் மின்கருவி) இது மன்னிக்காது, ஒரே இடத்தில் ஒரு நொடி தயங்கினாலும் கருகிவிடும். அங்கங்கே கருப்பாகப் பிசின் கீற்று இருக்கும், அது மரத்தின் இயல்பு, பழுது இல்லை.

முக்கியமானது ஈரம். அமெரிக்காவில் சூளையில் 6 முதல் 8 சதவீத ஈரத்துக்குக் காயவைத்து அனுப்புகிற பலகை, சென்னைக் காற்றில் ஈரத்தை இழுத்து அகலவாக்கில் விரியும். வாங்கியதும் அறுக்காதீர்கள். இடையில் குச்சி கொடுத்து அடுக்கி, இரண்டு மூன்று வாரம் வீட்டுக்குள் வைத்து, அப்புறம் கை வையுங்கள். மொட்டைமாடியில் மட்டும் போட்டு வைக்காதீர்கள்.

கேள்வி: வாசக்காலுக்கு செர்ரி போடலாமா? - வாசகர், மடிப்பாக்கம்

பதில்: வேண்டாம். பெரும்பாலும் 1, 2 அங்குலப் பலகையாகத்தான் வருகிறது, வாசக்காலுக்கு அந்தக் கனம் போதாது. வேங்கையோ தேக்கோ போடுங்கள்.