வீட்டில் சிலையே இல்லாத கிறிஸ்தவர் எந்த விக்கிரகத்தை விட்டு விலகுவது?

கேட்டவர் குன்னூரில் சிறிய ஹோம்ஸ்டே நடத்துகிறவர். "எங்கள் வீட்டில் சிலையோ படமோ கிடையாது. பிறகு, இக்கால விக்கிரகம் என்று பிரசங்கத்தில் எதைச் சொல்கிறார்கள்? அதை விட்டுவிட்டுப் பரிசுத்தமாக வாழ, நடைமுறையில் என்ன செய்ய வேண்டும்?" என்பது கேள்வி.

முதலில், இந்தக் கேள்வியைப் பக்கத்து வீட்டுச் சாமி அறைப் பக்கம் திருப்பிவிடாதீர்கள். விக்கிரகத்துக்காக வேதத்தில் அதிகம் திட்டு வாங்கியவர்கள் தேவனுடைய ஜனங்கள்தான். எசேக்கியேல் 14-ல் தீர்க்கதரிசி முன்னால் பயபக்தியோடு வந்து உட்கார்ந்த இஸ்ரவேலின் மூப்பர்களைக் காட்டித்தான், இவர்கள் விக்கிரகங்களை இருதயத்தில் நாட்டியிருக்கிறார்கள் என்று கர்த்தர் சொல்கிறார். கொலோசெயர் 3:5 பொருளாசையை நேரடியாகவே விக்கிரகாராதனை என்கிறது. சுரூபம் (புனிதர் சிலை) வைக்கலாமா கூடாதா என்ற கத்தோலிக்க–சீர்திருத்த சபைச் சண்டையும் இங்கே உதவாது. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலே, 2113-ஆம் பத்தியில், பணம், அதிகாரம், இன்பம், இனம் ஆகியவற்றை விக்கிரகமாகிவிடக்கூடியவற்றின் பட்டியலில்தான் வைக்கிறது.

கண்டுபிடிப்பது எப்படி? "நான் யாரை அதிகம் நேசிக்கிறேன்" என்று கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில்தான் வரும், அதனால் பயனில்லை. ஒரு நோட்டு எடுத்து, இரண்டு வாரம், படுக்கப்போகும் முன் மூன்று வரி எழுதுங்கள். இன்று எதை இழந்துவிடுவேனோ என்று பயந்தேன், எதற்காகக் கோபப்பட்டேன், எதற்காகப் பொய் சொன்னேன். மூன்றாவது வரிதான் முக்கியம். கெஸ்ட் மூன்று ஸ்டார் போட்டதால் தூக்கம் போனது, பனி மூடிய நாளில் "வியூ நல்லா இருக்கு சார்" என்று போனில் சொன்னது, தோட்டம் வைத்திருப்பவரானால் பசுந்தேயிலை எடை போடும்போது முற்றல் இலையையும் சேர்த்துத் தள்ளியது, எல்லாம் அதில் வரும். முதல் சில நாள் நல்ல பிள்ளை மாதிரி எழுதுவோம். அதனால்தான் ஒரு வாரம் போதாது.

உங்கள் தொழிலில் சோதனை வருவது ஏப்ரல், மே சீசனில். ஊட்டி மலர்க்கண்காட்சி, சிம்ஸ் பூங்கா பழக்கண்காட்சி வாரங்களில் ஞாயிற்றுக்கிழமை அறை காலியாகிற நேரமும் ஆராதனை நேரமும் மோதும். "கர்த்தர் கொடுத்த வருமானம்தானே" என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்வோம். அந்த முடிவை மே மாதத்தில் எடுக்காதீர்கள், பிப்ரவரியிலேயே எடுங்கள். போன் அடித்துக்கொண்டிருக்கும்போது யாராலும் நிதானமாக யோசிக்க முடியாது. சனிக்கிழமை இரவே பில்லை முடித்துவிடலாம். காலை டிபனுக்கு ரொட்டி, அவித்த முட்டை, பிளாஸ்கில் டீ என்று எளிமையாக வைத்து, அதை முன்பதிவின்போதே சொல்லிவிட வேண்டும். மதியம் இரண்டு மணிக்கு முன் புது ஆட்களுக்கு அறை கிடையாது என்பதையும் அப்போதே சொல்லுங்கள். சபையில் அதிகாலை ஆராதனை இருந்தால் சீசன் முடியும்வரை அதற்குப் போகலாம். ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: வேலைக்கு வரும் அக்காவை அடுப்படியில் நிறுத்திவிட்டு நீங்கள் மட்டும் கோயிலுக்குப் போவது. உபாகமம் 5:14-ல் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல் இளைப்பாற வேண்டும் என்றுதான் இருக்கிறது. அவர் இந்துவாக இருந்தாலும் அவருக்கும் வாரத்தில் ஒரு முழு நாள், சம்பளத்தோடு.

தசமபாகத்தை, அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்குக் காணிக்கையை, சீசன் முடிந்து மொத்தமாகக் கொடுக்கலாம் என்று தள்ளினால் அநேகமாகக் கொடுக்க மாட்டீர்கள். ஜூனில் பள்ளிக் கட்டணம் வரும், மழையும் பிடிக்கும், அறையும் காலியாகும். வாரம் 20,000 ரூபாய் வந்தால் அந்த வாரமே 2,000 ரூபாய் தனிக் கவருக்குப் போகட்டும்.

போனைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ரீல்ஸை அழிப்பது சுலபம், அழித்த இடத்தைக் காலியாக விடுவதில்தான் தவறு நடக்கிறது. மத்தேயு 12:43–45-ல், வெளியேறிய அசுத்த ஆவி, பெருக்கி ஜோடித்த வெறும் வீட்டுக்கு இன்னும் ஏழு ஆவிகளோடு திரும்பி வருகிறது. அந்த நேரத்தில் குடும்ப ஜெபத்தை வையுங்கள். ஒரு சங்கீதம், ஒரு கீர்த்தனை, ஆளுக்கொரு ஜெபம், 15 நிமிடம் போதும். அரை மணிக்கு மேல் இழுத்தால் பிள்ளைகள் வெறுத்துவிடுவார்கள்.

பலர் தொடத் தயங்குகிற விக்கிரகம் ஜாதி. ஞாயிற்றுக்கிழமை ஒரே பாத்திரத்தில் திருவிருந்து எடுப்போம், திங்கட்கிழமை வரன் விளம்பரத்தில் உட்பிரிவு வரைக்கும் எழுதுவோம். சபைக்குள் ஜாதி வேறுபாட்டை உடனே, முழுமையாக விட்டுவிட வேண்டும் என்று கல்கத்தா பேராயர் டானியேல் வில்சன் 1833-லேயே சுற்றறிக்கை அனுப்பினார். தமிழ்நாட்டில் அதை எதிர்த்துச் சபையை விட்டே போனவர்கள் உண்டு. சபையைவிட எது பெரிதாக இருந்தது என்பது அதிலேயே தெரிகிறது. உங்கள் வீட்டில் செய்யக்கூடியது இது: வரன் பார்க்கும் தாளில் ஜாதிக்கான வரியையும் "எத்தனை பவுன்" என்ற வரியையும் அடித்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். உறவினர் கோபித்துக்கொள்வார்கள். அந்தக் கோபத்துக்கு நீங்கள் எவ்வளவு பயப்படுகிறீர்கள் என்பதையும் நோட்டில் எழுதுங்கள்.

இதைவிட நுணுக்கமானது, பரிசுத்தமான பொருளே விக்கிரகமாவது. மோசே செய்த வெண்கலச் சர்ப்பம் கர்த்தர் சொல்லிச் செய்தது, ஜனங்களைப் பிழைக்க வைத்தது. பல நூற்றாண்டுக்குப் பிறகு அதற்கே தூபம் காட்டினார்கள், எசேக்கியா அதை உடைத்துப்போட்டான் (2 இராஜாக்கள் 18:4). புதுவருட ஆராதனையில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டை (வருடத்துக்கான வேத வசனம் அச்சடித்தது) கல்லாப்பெட்டிக்கு மேல் லேமினேட் ஆகித் தொங்கினால், அபிஷேக எண்ணெய் இல்லாமல் புது அறையைத் திறக்கப் பயமாக இருந்தால், அங்கே நின்று யோசியுங்கள். அட்டையை வேதத்துக்குள் வைத்து, அந்த வசனம் வரும் அதிகாரம் முழுவதையும் வாசிப்பதே மருந்து. எரேமியா 29:11 அட்டையாக வந்தால் எல்லோருக்கும் சந்தோஷம். அதற்கு முந்தைய வசனத்தில் பாபிலோனில் 70 வருஷம் என்று இருப்பதை அட்டையில் அச்சடிப்பதில்லை. அறுப்பின் பண்டிகையில் சபைக்கு வரும் விளைபொருள் காணிக்கையை ஏலம் விடுவதும் இந்த வகைதான். ஏலம் வேண்டாம் என்று சொல்லவில்லை, கேரட் மூட்டையை யாராவது எடுத்துத்தானே ஆகவேண்டும். ஆனால் சபைக் கமிட்டித் தேர்தல் வருடத்தில் மட்டும் உங்கள் ஏலத்தொகை ஏறுகிறதா என்று பாருங்கள்.

உபவாசம் இருக்கிறவர்கள் மிச்சமாகும் சாப்பாட்டுச் செலவை ஏழைக்குக் கொடுங்கள், ஏசாயா 58 கேட்பது அதைத்தான். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் பட்டினி கிடக்கக்கூடாது. அவர்கள் அன்றைக்குப் போனை அணைத்து வைக்கட்டும்.

பக்கத்தில் நீலகிரியின் படுகர் மக்கள் ஊரில், அவர்கள் வணங்கும் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு விருந்து அழைத்தால்? 1 கொரிந்தியர் 10:27–28-இல் பவுல் தெளிவாகவே சொல்கிறார்: ஒன்றும் விசாரிக்காமல் சாப்பிடலாம், இது சாமிக்குப் படைத்தது என்று ஒருவர் சொன்னால் அவருடைய மனச்சாட்சிக்காக வேண்டாம். "இது மட்டும் வேண்டாங்க" என்று மரியாதையாகச் சொன்னால் யாரும் தவறாக எடுப்பதில்லை. அங்கே உட்கார்ந்து பிரசங்கம் தொடங்குவதுதான் தவறு.

நோட்டை நீங்கள் மட்டும் வைத்துக்கொண்டால் ஒரு மாதத்தில் நின்றுவிடும். யாக்கோபு 5:16 சொல்கிறபடி ஒருவரிடம் அறிக்கையிடுங்கள். ஆண் ஆணிடம், பெண் பெண்ணிடம், மாதம் ஒருமுறை, நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு. உங்களுக்குக் கடன் கொடுத்தவரோ, சீட்டில் கூட இருப்பவரோ, கமிட்டியில் உங்கள் அணியைச் சேர்ந்தவரோ அந்த ஆளாக இருக்கக்கூடாது.