கேள்வி-பதில்: வக்கீல் ஆபீசுக்கு ஏஐ வாங்கும் முன்

செயற்கை நுண்ணறிவு மென்பொருள் வாங்குவது பற்றி வக்கீல்களும் குமாஸ்தாக்களும் அனுப்பிய கடிதங்கள் குவிந்துவிட்டதால், இந்த நுகர்வோர் பத்தியில் வழக்கமாக வரும் மிக்ஸி, இன்வெர்ட்டர் புகார்களுக்கு இந்த முறை இடமில்லை. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லித் திட்டிய வரிகளை முழுக்கவே எடுத்துவிட்டேன்.

கேள்வி: கோர்ட் வளாகத்துக்கே வந்து சட்ட ஆராய்ச்சிக்கான ஒரு ஏஐ மென்பொருளை ஓட்டிக் காட்டினார்கள். எந்தக் கேள்விக்கும் நொடியில் தீர்ப்போடு பதில் வருகிறது. சைட்டேஷன் (மேற்கோள் காட்டும் தீர்ப்பு விவரம்) நூறு சதவீதம் உண்மையானது என்கிறார்கள். வருடத்துக்கு 36,000 ரூபாய். எனக்கு நான்கு வருடப் பிராக்டிஸ்தான். வாங்கலாமா?
— இளம் வழக்கறிஞர், மதுரை

பதில்: 36,000 இல்லை. 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 42,480. விற்க வந்தவர் அதை வாய் திறந்து சொன்னாரா?

கேள்விகளைக் கேட்டது யார் என்று நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலும் அவர்களே கேட்டு, அவர்களே பதில் வாங்கிக் காட்டியிருப்பார்கள். அடுத்த முறை லேப்டாப்பை உங்கள் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். நீங்களே நடத்தி முடித்த, தீர்ப்பின் பாரா எண் வரை நினைவிருக்கிற ஒரு வழக்கைப் பற்றிக் கேளுங்கள். அப்புறம், '482-ன் கீழ் மனு போட என்ன காட்ட வேண்டும்?' என்று மொட்டையாக ஒரு கேள்வி போடுங்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 482 என்பது உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம். எஃப்ஐஆரை ரத்து செய்யக் கேட்டுப் போகிற வழி. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அதே 482 முன் ஜாமீன். ரத்து மனு 528-க்குப் போய்விட்டது. 'எந்தச் சட்டத்தின் 482?' என்று திருப்பிக் கேட்கிற மென்பொருளோடு மேற்கொண்டு பேசலாம். கேட்காமல் அடித்துவிடுகிற மென்பொருளுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

நூறு சதவீதக் கதைக்கு வருவோம். அமெரிக்காவில் சட்டத்துக்கென்றே செய்து விற்கப்படும் முன்னணி ஏஐ கருவிகளை 2024-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்தார்கள். 17 முதல் 33 சதவீதம் வரையிலான கேள்விகளுக்கு அவை கற்பனையாகவோ தவறாகவோ பதில் தந்தன. அத்தனை பெரிய நிறுவனங்களால் முடியாததை உங்கள் வளாகத்துக்கு வந்தவர் முடித்துவிட்டாரா? 'நூறு சதவீதம்' என்பதை இன்வாய்ஸில் எழுதி முத்திரை போட்டுத் தரச் சொல்லுங்கள். எழுத மாட்டார். மாதச் சந்தா இருந்தால் ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள், இல்லையென்றால் விடுங்கள்.

கேள்வி: 'வக்கீல்களுக்கான 5,000 ஏஐ ப்ராம்ப்ட்' (ஏஐ-யிடம் கேட்கும் கேள்வி வாசகங்கள்) என்று வாட்ஸ்அப்பில் வந்தது. 999 ரூபாய் கட்டினேன். வந்த பிடிஎஃப்பில் பாதி அமெரிக்க டிவோர்ஸ் சட்டம். பணம் திரும்பக் கிடைக்குமா? விற்றவரின் முகவரி தெரியவில்லை.
— சேலம்

பதில்: கிடைக்காது. முகவரி இல்லாதவன் மேல் தாவா போட முடியாது என்று கட்சிக்காரருக்குத் தினமும் சொல்கிறவர் நீங்கள்.

கேள்வி: ஏழு நாள் இலவசம் என்று ஒரு டிராஃப்டிங் மென்பொருளில் சேர்ந்தேன். கார்டு விவரம் கேட்டார்கள், கொடுத்தேன். எட்டாம் நாள் வருடச் சந்தா 14,999 ரூபாய் போய்விட்டது. ரத்து செய்ய எங்கும் பட்டன் இல்லை. மெயில் போட்டால் 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று பதில் வருகிறது. நான் வக்கீல் என்பதால் நுகர்வோர் ஆகமாட்டேன் என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.
— திருநெல்வேலி

பதில்: இந்தப் பத்தியில் நான் எத்தனை தடவை கத்தினாலும் ஓயாத விஷயம் இது. இன்னொரு தடவை கத்திக்கொள்கிறேன்.

அந்த 14,999-ஐ நன்றாகப் பாருங்கள். தானாகப் பணம் எடுக்கும் ஏற்பாட்டில் 15,000 ரூபாய்க்கு மேல் போனால் ஒவ்வொரு முறையும் ஓடிபி போன்ற கூடுதல் சரிபார்ப்பு வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. 15,000 வரை முதலில் ஒரு தடவை அனுமதி கொடுத்தால் போதும். இவர்களுடைய விலை அந்தக் கோட்டுக்கு ஒரு ரூபாய் கீழே நிற்பது தற்செயல் என்று நம்ப நான் தயாரில்லை.

பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பாவது வங்கி உங்களுக்குத் தகவல் அனுப்பியிருக்க வேண்டும். எஸ்எம்எஸ் பெட்டியைத் துழாவுங்கள். வந்திருந்து நீங்கள் பார்க்காமல் விட்டிருந்தால் உங்கள் வாதம் கொஞ்சம் பலவீனம். வரவில்லை என்றால் முதல் புகார் வங்கி மேல்.

அடுத்தது நிறுவனம். ஏமாற்று வடிவமைப்புகளைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று அறிவிக்கையாக வெளியிட்டது. அதில் 13 வகைகளைப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். அதிலொன்று சந்தாப் பொறி. ரத்து செய்யும் வழியை ஒளித்து வைப்பது அதில் வருகிறது. இலவசச் சந்தாவுக்குக் கார்டு விவரத்தையோ ஆட்டோ டெபிட் அனுமதியையோ கட்டாயப்படுத்திக் கேட்பதும் வருகிறது. உங்களுக்கு நடந்தது இரண்டுமே. சேருவதற்கு ஒரு தட்டு போதும், விலகுவதற்கு மட்டும் மெயில் போட்டு, காத்திருந்து, காரணம் சொல்லி, 'நிச்சயமாகப் போகிறீர்களா?' என்ற சோகமுகப் படத்தையும் தாண்ட வேண்டும். இதைப் புத்திசாலித்தனம் என்று யாராவது என்னிடம் சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். எழுத்துப்பிழை திருத்தும் ஆப் ஒன்று என் கார்டிலிருந்து இரண்டு வருடம் காசு எடுத்தது. அது தமிழே திருத்தாது என்பது தனிக் கதை.

நண்பர்கள் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். வணிக நோக்கத்துக்கு வாங்குகிறவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(7). அதன் விளக்கத்தையும் சேர்த்துப் படியுங்கள். சுயதொழிலால் பிழைக்கிறவர் அந்தப் பிழைப்புக்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்தினால் அது வணிக நோக்கம் ஆகாது. நீங்கள் தனியாகப் பிராக்டிஸ் செய்பவர் என்றால் வாதாட இது நல்ல பிடி. எதிர்த்தரப்பு இதைக் கிளப்பத்தான் செய்யும், தயாராக இருங்கள்.

இன்றே வங்கி ஆப்பில் அந்த மேண்டேட்டை, அதாவது தானாகப் பணம் எடுக்கக் கொடுத்த அனுமதியை, ரத்து செய்யுங்கள். நிறுவனத்துக்கு எழுத்தில் நோட்டீஸ், பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் நகரவில்லை என்றால் இ-ஜாக்ரிதி தளத்தில் மாவட்ட ஆணையத்துக்குப் புகார். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே இல்லை. நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் ஊரிலேயே போடலாம். கெடு இரண்டு வருடம்.

கேள்வி: இலவச சாட்ஜிபிடி போதாதா?
— சென்னை

பதில்: கட்சிக்காரர் பெயரை அதில் தட்டாமலும், அதனிடம் சைட்டேஷன் கேட்காமலும் இருந்தால் போதும்.

கேள்வி: நான் வக்கீல் இல்லை. என் நில வழக்கில் வக்கீல் தாக்கல் செய்த வாதுரையில் இருந்த மூன்று தீர்ப்புகள் எங்குமே இல்லை என்று எதிர்த்தரப்பு சொன்னது. நீதிபதி கடுமையாகப் பேசினார். மனு தள்ளுபடி. கம்ப்யூட்டர் கொடுத்ததைப் போட்டேன் என்கிறார் வக்கீல். ஃபீஸ் பாக்கியைக் கொடுத்தால்தான் கேஸ் கட்டைத் தருவேன் என்கிறார். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா?
— விவசாயி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: உங்கள் கடிதம் நான்கு பக்கம். முழுதும் படித்தேன். தப்பு உங்கள் பக்கம் துளியும் இல்லை.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது. வக்கீல் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் 2024 மே 14 அன்று தீர்ப்பளித்துவிட்டது. மென்பொருள் வாங்கி ஏமாந்த வக்கீலுக்குத் திறக்கும் கதவு, வக்கீலால் ஏமாந்த உங்களுக்கு மூடியிருக்கிறது. எனக்கும் இது பிடிக்கவில்லை. ஆனால் நிலைமை அதுதான்.

இரண்டு வழி பாக்கி இருக்கிறது. தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில் வழக்கறிஞர்கள் சட்டம் பிரிவு 35-ன் கீழ் தொழில் ஒழுங்கீனப் புகார் கொடுக்கலாம். நஷ்டத்தைக் கணக்குக் காட்ட முடிந்தால் சிவில் கோர்ட்டும் உண்டு. கட்டு விஷயத்தில் பயப்படவே வேண்டாம். ஃபீஸ் பாக்கிக்காகக் கேஸ் கட்டைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-லேயே சொல்லிவிட்டது. பதிவுத் தபாலில் கேளுங்கள். மேல்முறையீட்டுக் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால் முதல் வேலையாக இன்னொரு வக்கீலைப் பாருங்கள்; புகாரை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

'கம்ப்யூட்டர் கொடுத்தது' என்ற சமாதானம் நியூயார்க்கிலேயே எடுபடவில்லை. விமான நிறுவனம் ஒன்றின் மேல் போட்ட வழக்கில், சாட்ஜிபிடி தந்த ஆறு பொய்த் தீர்ப்புகளைக் காட்டிய வக்கீல்களுக்கு 2023 ஜூனில் 5,000 டாலர் அபராதம் விழுந்தது.

கேள்வி: எங்கள் ஆபீசில் மூன்று சீனியர், ஆறு ஜூனியர். ஆளுக்கொரு ஏஐ வைத்திருக்கிறார்கள். யார் எதற்குப் பணம் கட்டுகிறோம், எதில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஒரு ஜூனியர் வேலையை விட்டுப் போனதும் அவர் மெயிலில் இருந்த சந்தாவும் போய்விட்டது. எப்படி ஒழுங்குபடுத்துவது?
— கோயம்புத்தூர்

பதில்: புதிதாக எதையும் வாங்காமல் தொடங்குங்கள். ஒரு எக்செல் ஷீட் போதும். கருவியின் பெயர், எந்த வேலைக்கு, எந்த மெயிலில், யார் கார்டில், புதுப்பிக்கும் தேதி. கடைசியாக ஒரு பத்தி: கட்சிக்காரர் ஆவணத்தை இதில் ஏற்றலாமா, கூடாதா. அந்தப் பத்தியை நிரப்ப உட்காரும்போதுதான் உங்களுக்கு வியர்க்கும். எல்லாச் சந்தாவையும் ஆபீஸ் மெயிலுக்கு மாற்றுங்கள்.

அப்புறம் வேலை வாரியாகப் பிரியுங்கள். தீர்ப்பு தேடுவதற்கு இலவசமாகக் கிடைப்பவை மேலே வரட்டும். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு இ-எஸ்சிஆர் 2023 ஜனவரி முதல் இருக்கிறது, காசு கிடையாது. இந்தியன் கானூன் 2008-லிருந்து இருக்கிறது. வாய்தா தேதிக்கு இ-கோர்ட்ஸ் ஆப்பில் ஒவ்வொரு வழக்குக்கும் தனியாக உள்ள 16 இலக்க சிஎன்ஆர் எண்ணைப் போட்டால் போதும். அதையே மினுக்கி 'ஏஐ கேஸ் டிராக்கர்' என்று மாதம் ஆயிரம் ரூபாய்க்கு விற்கிறார்கள். உங்கள் பட்டியலில் அப்படி ஒன்று இருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். மனுபத்ரா, எஸ்சிசி ஆன்லைன் போன்ற கட்டணத் தளம் ஏற்கெனவே இருந்தால் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

ஏஐ-க்கு நியாயமாகக் கொடுக்கக்கூடிய வேலைகள் உண்டு. நீண்ட தீர்ப்பைச் சுருக்குவது, தேதிவாரிக் குறிப்பு எடுப்பது, கடிதத்துக்கு முதல் வரைவு, சாட்சியத்தில் முரண் தேடுவது. எல்லாமே மூலத்தை மேஜையில் வைத்துக்கொண்டு சரிபார்க்க முடிந்தவை. சைட்டேஷன் எங்கிருந்து வந்தாலும், ஒரு ஜூனியர் அந்தத் தீர்ப்பைத் திறந்து, பாராவைப் படித்து, ஓரத்தில் இனிஷியல் போட்ட பிறகுதான் மனுவில் ஏறலாம். '2023 ஐஎன்எஸ்சி' என்று தொடங்கும் நியூட்ரல் சைட்டேஷன் (தீர்ப்புக்கு நீதிமன்றமே கொடுக்கும் எண்) இருந்தால் சரிபார்க்க ஒரு நிமிடம் ஆகாது. பெங்களூரு வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமே, எங்கும் இல்லாத தீர்ப்புகளைக் காட்டி எழுதிய உத்தரவைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. உங்கள் ஜூனியர் விதிவிலக்கா?

ஆவணம் ஏற்றும் விஷயத்தில் நான் கறார். கட்சிக்காரர் நம்பிச் சொன்னதை வெளியே விடக்கூடாது என்பது பாரதிய சாட்சிய அதினியத்தின் (சாட்சியச் சட்டம்) பிரிவு 132. இலவசக் கணக்கில் ஏற்றிய உரையாடல், செட்டிங்கை மாற்றி வைக்காவிட்டால், மாடலைப் பயிற்றுவிக்கப் போகலாம். கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் மாவட்ட நீதிமன்றங்களுக்குக் கொடுத்த ஏஐ கொள்கையில், அனுமதி பெற்ற கருவிகள் தவிர மற்றவை கூடாது, தீர்ப்பு எழுத ஏஐ கூடாது என்று இருக்கிறது. அது நீதிபதிகளுக்கும் ஊழியர்களுக்கும் சொன்னது என்றாலும் ஒரு பிரதி எடுத்து ஜூனியர்கள் அறையில் ஒட்டுங்கள்.

கேள்வி: பழைய கையெழுத்துப் பத்திரங்களை ஸ்கேன் செய்தால் அப்படியே டைப் அடித்துத் தரும் ஏஐ, 'வாழ்நாள் லைசென்ஸ்' 8,500 ரூபாய் என்கிறார்கள். குமாஸ்தா வேலைக்கு உதவுமா?
— ஈரோடு

பதில்: இதில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. அதேபோல் ஒன்றை வாங்கி, தாத்தா காலத்துக் கிரயப் பத்திரத்தைக் கொடுத்தேன். தமிழ் எண்ணில் இருந்த சர்வே நம்பரை எழுத்து என்று எடுத்துக்கொண்டு ஓர் ஊர்ப் பெயரே உருவாக்கியது. நான்கு எல்லையில் வடக்கைக் காணோம். வாழ்நாள் என்று அவர்கள் சொன்னது என் வாழ்நாளை அல்ல, கம்பெனியின் வாழ்நாளை. அடுத்த தீபாவளிக்குள் தளமே இல்லை. அச்சடித்த தமிழ் என்றால் இலவசக் கருவிகளே ஓரளவு படிக்கும். கையெழுத்துப் பத்திரத்துக்கு உங்கள் கண்ணாடியை மாற்றிக்கொள்ளுங்கள், செலவு குறைவு.

கேள்வி: சட்டக் கல்லூரி இறுதியாண்டு. 'சர்டிஃபைடு லீகல் ஏஐ நிபுணர்' படிப்பு, 49,000 ரூபாய், இஎம்ஐ உண்டு, வேலை உறுதி என்கிறார்கள். அப்பா கடன் வாங்கித் தரத் தயார்.
— நாகர்கோவில்

பதில்: வேண்டாம். வக்கீலாகப் பதிவு செய்ய பார் கவுன்சில் இந்தச் சான்றிதழைக் கேட்பதில்லை. 'வேலை உறுதி' என்ற வரி ஒப்பந்தத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டு அதன் நகலை எனக்கு அனுப்புங்கள். அப்பாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள், முன்பணம் எதுவும் கட்ட வேண்டாம் என்று.