டிஸ்னி டிக்கெட் பாதி விலைக்கு கிடைக்குமா?

லீவு நெருங்கிடுச்சு, ஃப்ளோரிடா பிளான் போடுறவங்க கிட்ட இருந்து மெயில் மேல மெயில். எல்லாம் சுத்தி சுத்தி ஒரே விஷயத்தைதான் கேக்குறீங்க, அதனால இந்த இதழ் முழுக்க டிக்கெட் பஞ்சாயத்துதான்.

கேள்வி: ஊர்ல இருந்து அப்பா அம்மா வந்திருக்காங்க, கிறிஸ்துமஸ் லீவுல டிஸ்னி வேர்ல்டு போகலாம்னு இருக்கோம், மொத்தம் ஆறு பேர். ஒரு சைட்ல நாலு நாள் டிக்கெட் பாதி விலைன்னு போட்டிருக்கு, பாக்க டிஸ்னி சைட் மாதிரியே இருக்கு. நம்பி வாங்கலாமா? (ஹூஸ்டன் வாசகர்)

பதில்: வேண்டாங்க. பாதி விலைன்னு பார்த்ததுமே அந்த டேபை மூடிடுங்க, அதுக்கு மேல ஆராய்ச்சி தேவையே இல்ல. முறைப்படி அனுமதி வாங்கி டிஸ்னி டிக்கெட் விக்கிறவங்க இருக்காங்க, அண்டர்கவர் டூரிஸ்ட்னு ஒரு சைட் ரொம்ப வருஷமா பண்ணிட்டு இருக்காங்க, வண்டி ரிப்பேர்னா ரோட்டுக்கே வந்து உதவுற டிரிபிள் ஏ (AAA) கிளப்ல மெம்பரா இருந்தா அங்கயும் கிடைக்கும், ஆனா இவங்க யாரு கிட்ட போனாலும் டிக்கெட்டுக்கு கொஞ்சம் டாலர் குறையும், நாள் கூடினா இன்னும் கொஞ்சம் குறையும், அவ்ளோதான். பாதி விலைக்கு குடுக்க அவங்களுக்கே கட்டுபடியாகாது, அப்ப முகம் தெரியாத ஒருத்தன் எப்படி குடுப்பான்?

இன்னொண்ணு, விலையை ஒப்பிடும்போது டாக்ஸை மறந்துடாதீங்க. டிஸ்னி சைட்ல முதல்ல கண்ணுல படுற விலைல டாக்ஸ் சேராது, டிஸ்னி வேர்ல்டு இருக்கிற ஆர்லாண்டோ பக்கம், அதாவது ஆரஞ்ச் கவுன்டில சேல்ஸ் டாக்ஸ் 6.5 சதவீதம், ஆறு பேருக்கு நாலு நாள்னா அதுவே ஒரு நல்ல தொகை. சில சைட்ல டாக்ஸ் சேர்த்தே காட்டுவாங்க, அதை டிஸ்னியோட டாக்ஸ் இல்லாத விலையோட வச்சு பார்த்துட்டு டிஸ்கவுன்ட்டே இல்லையேன்னு நினைச்சுக்கறவங்க நிறைய பேர். ரெண்டு பக்கமும் செக்அவுட்ல கடைசியா வர்ற தொகையை பாருங்க.

ஆனா நெஜமா காசு மிச்சம் பண்ணணும்னா கூப்பான் தேடுறதை விட்டுட்டு தேதியை பாருங்க. டிஸ்னி வேர்ல்டு 2018 அக்டோபர்ல இருந்தே தேதிக்கு தேதி வேற விலை வைக்குது. டிஸ்னி வேர்ல்டுக்குள்ளயே தனித்தனி பார்க் இருக்கு, 2025 கிறிஸ்துமஸ் வாரத்துல அதுல மேஜிக் கிங்டம் ஒரு நாள் டிக்கெட் 199 டாலர், அதே வருஷம் கூட்டமில்லாத நாள்ல அனிமல் கிங்டம் 119 டாலர், ரெண்டுமே டாக்ஸ் இல்லாம. 80 டாலர் வித்தியாசம், எந்த கூப்பான் இதை தரும் சொல்லுங்க? ஸ்கூல் லீவை மாத்த முடியாதுன்னு தெரியும், ஆனா அப்பா அம்மா பிப்ரவரி வரைக்கும் இங்கதான் இருப்பாங்கன்னா ஜனவரி கடைசில ஒரு வீக்கெண்டோட ரெண்டு நாள் லீவு சேர்த்து போயிட்டு வரலாமே.

டிசம்பர்லதான்னு முடிவாயிட்டா பெரியவங்களுக்கு நாலு நாளும் டிக்கெட் எடுக்கணுமான்னு யோசிங்க. டிஸ்னி வேர்ல்டுல சீனியர் டிஸ்கவுன்ட் கிடையாது, அறுபத்தஞ்சு ஆனாலும் முழு விலைதான். நாள் பூரா நடக்கணும், வெயில் வேற, ரெண்டாவது நாளே அம்மா "நீங்க போயிட்டு வாங்கப்பா, நான் ரூம்லயே இருக்கேன்"னு சொல்லிடுவாங்க. அவங்களுக்கு ரெண்டு நாள் டிக்கெட், உங்களுக்கு நாலு நாள்னு தனித்தனியா எடுத்துக்கலாம், தப்பே இல்ல. ஒரே நாள்ல ரெண்டு மூணு பார்க் மாறி மாறி போற பார்க் ஹாப்பரும் வயசானவங்க கூட வந்தா வேண்டாம்னுதான் சொல்லுவேன். சிலர் கோவிச்சுக்குவீங்க, பரவால்ல.

கேள்வி: எங்க ஏரியா தமிழ் குரூப்புல ஒருத்தர் அஞ்சு நாள் டிக்கெட் எடுத்து மூணு நாள் போயிட்டு வந்துட்டாராம், மிச்சம் ரெண்டு நாளை கம்மி விலைக்கு தர்றேங்கிறார். தெரிஞ்சவங்களுக்கு தெரிஞ்சவர்தான், ஏமாத்துற ஆள் மாதிரி தெரியல. (நியூ ஜெர்சி வாசகி)

பதில்: அவர் நல்லவராவே இருக்கட்டும், டிக்கெட் வேலை செய்யாது. டிஸ்னி டிக்கெட் ஒருத்தர் பேர்ல இருந்து இன்னொருத்தருக்கு மாத்த முடியாதது, ஒரு தடவை யூஸ் பண்ணிட்டா அது அந்த ஆளோட டிக்கெட். முதல் நாள் கேட்ல கார்டையோ கைல கட்டுற பேண்டையோ தட்டிட்டு விரலை வைக்க சொல்லுவாங்க பாருங்க, அது சும்மா ஃபார்மாலிட்டி இல்ல. மூணு வயசுல இருந்து எல்லாருக்கும் அந்த விரல் பதிவு டிக்கெட்டோட சேர்ந்துடும், மறுநாள் அதே டிக்கெட்டை வேற விரல் கொண்டு வந்தா விளக்கு பச்சைக்கு மாறாது. பக்கத்துல நிக்கிற ஆள் டேப்லெட்டோட வருவார், அடுத்து பேர் கேப்பார், ஐடி கேப்பார். பின்னாடி முப்பது பேர் கியூ, கைல குழந்தை, நீங்க யாரோ ஒருத்தர் பேரை சொல்லிட்டு நிக்கணும். தேவையா?

அதோட ஃப்ளோரிடால இந்த மாதிரி பல நாள் டிக்கெட்ல பாதி யூஸ் பண்ணிட்டு மிச்சத்தை விக்கிறது சட்டப்படி குற்றம். 817.361னு ஒரு சட்டப்பிரிவு இதுக்குன்னே இருக்கு. பாவம், அவருக்கு இது தெரிஞ்சிருக்காது, நீங்களே பக்குவமா எடுத்து சொல்லுங்க, குரூப்புல வேற யாராவது மாட்டறதுக்குள்ள.

இதுலயே இன்னொரு வகை உண்டு, அது மோசமானது. டிக்கெட் புதுசு, யூஸே பண்ணல, உங்க டிஸ்னி ஆப்ல லிங்க் பண்ணினா அழகா உங்க பேரோட வந்து உக்காரும், நீங்களும் சரி நெஜம்தான்னு காசு அனுப்பிடுவீங்க. ஆனா விக்கிறவன் அதை திருட்டு கிரெடிட் கார்டுல வாங்கியிருப்பான். கார்டுக்கு சொந்தக்காரர் ஸ்டேட்மென்ட் பார்த்துட்டு பேங்க்ல சொன்னதும் காசு திரும்ப போகும், டிக்கெட் கேன்சல் ஆகும், உங்களுக்கு விஷயம் தெரியுறது கேட்லதான். அதனால ஆப்ல வந்துடுச்சுங்கிறதை மட்டும் நம்பாதீங்க. "எனக்கு டிஸ்னில வேலை, ஸ்டாஃப் பாஸ்ல உங்களை உள்ள விடுறேன், தலைக்கு இவ்ளோ"ன்னு சொல்றவங்களையும் இதே கணக்குல சேருங்க, அந்த பாஸை விக்கிறது அவங்க வேலைக்கே உலை வைக்கிற சமாச்சாரம்.

கேள்வி: டாம்பால இருக்கிற சித்தி பையன், ஃப்ளோரிடா ரெசிடென்ட் டிக்கெட் எங்களுக்கும் எடுத்து தர்றேங்கிறான். ஓகேவா? (அட்லாண்டா வாசகர்)

பதில்: அவனுக்கு ஓகே, உங்களுக்கு இல்ல. அது ஃப்ளோரிடாலயே குடியிருக்கிறவங்களுக்கான டிக்கெட், அடல்ட் ஒவ்வொருத்தரும் ஃப்ளோரிடா அட்ரஸ் இருக்கிற ஐடி காட்டணும், ஜார்ஜியா லைசென்ஸை வச்சுக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாது. கலிஃபோர்னியா டிஸ்னிலேண்ட்ல சதர்ன் கலிஃபோர்னியாக்காரங்களுக்கு 90000ல இருந்து 93599 வரைக்கும் ஜிப் கோடு இருந்தா சில சீசன்ல ஆஃபர் போடுவாங்க, அங்கயும் ஐடி பாப்பாங்க.

கேள்வி: போன தடவை ஆர்லாண்டோ போனப்ப ஹோட்டல் லாபில ஒரு அம்மா "ரெண்டு டிக்கெட் ஃப்ரீ, ஒன்றரை மணி நேரம் பிரேக்ஃபாஸ்ட் சாப்பிட்டுட்டு ஒரு பிரசன்டேஷன் கேட்டா போதும்"னு சொன்னாங்க. வீட்டுக்காரர் வேண்டாம்னு இழுத்துட்டு வந்துட்டார். இந்த தடவை போய் பாக்கலாமா? (டல்லாஸ் வாசகி)

பதில்: உங்க வீட்டுக்காரருக்கு என் வணக்கம். இது ஸ்கேம்னு சொல்ல மாட்டேன், டிக்கெட் பெரும்பாலும் நெஜமாவே குடுப்பாங்க, ஆனா அதை உங்க நேரத்தையும் நிம்மதியையும் குடுத்துதான் வாங்கணும். விக்கிறது டைம்ஷேர். ஒரு ரிசார்ட்ல வருஷத்துக்கு ஒரு வாரம் தங்குற உரிமைக்கு பெரிய தொகை குடுத்துட்டு, அதுக்கு மேல வருஷா வருஷம் மெயின்டனன்ஸ் ஃபீஸ் கட்டிட்டே இருக்கிற ஏற்பாடு. ஆர்லாண்டோ பக்கத்துல கிஸ்ஸிமில 192 ஹைவே ஓரமா "டிஸ்கவுன்ட் டிக்கெட்"னு போர்டு வச்சிருக்கிற பூத்துல பல இதுக்கு ஆள் பிடிக்கிற இடம்தான்.

புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் சேர்ந்து வரணும்பாங்க, வருமானம் கேப்பாங்க, டெபாசிட் வாங்குவாங்க. ஒன்றரை மணி நேரம்னு சொன்னது மூணு மணி நேரம் ஆகும், முதல்ல சிரிச்சு பேசுற ஒருத்தர், வேண்டாம்னா அவரோட மேனேஜர், அவரையும் தாண்டினா "இன்னைக்கு மட்டும்தான் இந்த விலை"ன்னு மூணாவதா ஒருத்தர். முகத்துக்கு நேரா நோ சொல்ல கூச்சப்படுறவங்க அந்த பக்கமே போகாதீங்க, நம்ம ஆளுங்கள்ல நிறைய பேர் இதுல வீக். ஏற்கனவே கையெழுத்து போட்டுட்டு இதை படிக்கிறவங்க யாராவது இருந்தா, ஃப்ளோரிடா சட்டப்படி 10 நாளுக்குள்ள எழுத்துல குடுத்து கேன்சல் பண்ணலாம், ஒப்பந்தத்துலயே அது எங்க அனுப்பணும்னு போட்டிருக்கும், இன்னைக்கே எடுத்து பாருங்க.

கேள்வி: அப்ப நேர் வழில டிஸ்கவுன்ட் வாங்க வேற என்னதான் இருக்கு? (ஒரு கடுப்பான வாசகர், ஊர் போடல)

பதில்: இருக்குங்க, ஆனா எதுவுமே தலைப்பு செய்தி ஆகுற அளவுக்கு இல்ல. முதல்ல உங்க கம்பெனி பெனிஃபிட்ஸ் பேஜை திறந்து பாருங்க, டிக்கெட்ஸ் அட் வொர்க் மாதிரி போர்ட்டலோட பல கம்பெனி டை-அப் வச்சிருக்கு, வருஷக்கணக்கா அதை எட்டிக்கூட பாக்காதவங்க ஏராளம். மெம்பர்ஷிப் கடையான சாம்ஸ் கிளப்ல மெம்பர்னா டிஸ்னி கிஃப்ட் கார்டு முக மதிப்பை விட கொஞ்சம் கம்மியா கிடைக்கும், அதை வச்சு டிஸ்னி சைட்லயே டிக்கெட் வாங்கலாம். குடும்பத்துல யாராவது அமெரிக்க மிலிட்டரில இருக்காங்கன்னா அவங்களுக்கு தனி விலை, அது நல்லாவே குறையும்.

குழந்தைங்க விஷயத்துல, டிஸ்னில மூணு வயசுக்குள்ள டிக்கெட்டே வேண்டாம், மூணுல இருந்து ஒம்பது வரை சைல்டு டிக்கெட், பத்து ஆயிட்டா அடல்ட். சைல்டுக்கும் அடல்ட்டுக்கும் விலை வித்தியாசம் ரொம்ப கம்மி, அதுக்காக பதினோரு வயசு பையனை ஒம்பதுன்னு சொல்ல வைக்காதீங்க, அவனே கேட்ல உண்மையை போட்டு உடைச்சுடுவான். சிக்ஸ் ஃப்ளாக்ஸ் தீம் பார்க் பக்கத்துல இருக்கிறவங்க ஸ்கூல் டீச்சர் கிட்ட அவங்களோட ரீட் டு சக்சீட் திட்டத்தை பத்தி கேளுங்க, கிண்டர்கார்ட்டன்ல இருந்து ஆறாவது வரைக்கும் பசங்க பாடப் புத்தகம் அல்லாத வேற புத்தகம் 6 மணி நேரம் படிச்சு கணக்கு குடுத்தா ஒரு டிக்கெட் ஃப்ரீ, டீச்சர்தான் பதிவு பண்ணணும்.

கேள்வி: பார்க் ஆண்டு விழாவை ஒட்டி 500 குடும்பத்துக்கு ஃப்ரீ டிக்கெட்னு வாட்ஸ்அப்ல வந்துச்சு, லிங்க்ல போய் ஷேர் பண்ண சொல்றாங்க. (பே ஏரியா வாசகி)

பதில்: டெலிட். அனுப்பினவங்க உங்க பெரியம்மாவா இருந்தாலும் டெலிட்.

கேள்வி: ஒரு ஆள் கிட்ட ஆறு டிக்கெட்டுக்கு ஸெல்ல (Zelle, பேங்க்ல இருந்து நேரா காசு அனுப்புற வழி) காசு அனுப்பிட்டேன், மெயில் வரல, போனும் எடுக்கல. இப்ப என்ன செய்ய? (சிகாகோ வாசகர்)

பதில்: இதை படிச்சு முடிக்கிறதுக்கு முன்னாடி பேங்குக்கு போன் போடுங்க, அந்த பணம் ஏமாத்தி வாங்கப்பட்டதுன்னு தெளிவா சொல்லி கம்ப்ளெயின்ட் நம்பர் வாங்குங்க. நேரா சொல்லிடறேன், ஸெல்ல நாமளே பட்டனை தட்டி அனுப்பின காசு திரும்ப வர்றது கஷ்டம், வயர் டிரான்ஸ்ஃபரும் அப்படித்தான். அடுத்து நுகர்வோர் பாதுகாப்பை பாக்குற அரசு அமைப்பான எஃப்டிசியோட (FTC) ரிப்போர்ட் ஃபிராடு சைட்ல புகார் குடுங்க, லோக்கல் போலீஸ்லயும் சொல்லுங்க, சாட், நம்பர், பேர் எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கோங்க, அவன் சீக்கிரமே அழிச்சுட்டு ஓடிடுவான்.

கொஞ்ச நாள்ல "உங்க பணத்தை மீட்டு தர்றோம், ஃபீஸ் மட்டும் முன்னாடி கட்டுங்க"ன்னு யாராவது கூப்பிடுவாங்க. அதுவும் ஏமாத்து வேலைதான், ஏமாந்தவங்க நம்பரை தேடி பிடிச்சு அடிக்கிற ரெண்டாவது அடி.

மத்தவங்க கவனத்துக்கு, டிக்கெட்டுன்னா கிரெடிட் கார்டுதான். கார்டுல போட்டு பொருள் வரலைன்னா, ஸ்டேட்மென்ட் அனுப்பின நாள்ல இருந்து 60 நாளுக்குள்ள எழுதி டிஸ்ப்யூட் பண்ண சட்டமே உரிமை குடுக்குது. விக்கிறவன் ஸெல்தான் வேணும், இல்ல கிஃப்ட் கார்டு வாங்கி பின்னாடி இருக்கிற நம்பரை போட்டோ எடுத்து அனுப்புன்னா பேச்சை அங்கயே முடிச்சுக்கோங்க. கிஃப்ட் கார்டை டிஸ்னி சைட்ல நீங்களே போடுறது வேற, அடுத்தவனுக்கு நம்பர் குடுக்கிறது வேற.

கேள்வி: வீடு காலி பண்றப்ப பழைய டிஸ்னி வேர்ல்டு டிக்கெட் ரெண்டு கிடைச்சுது, ஒரு நாள் கூட யூஸ் பண்ணல, தேதி முடிஞ்சுடுச்சு. குப்பைல போட்டுடவா? (சியாட்டில் வாசகர்)

பதில்: ஐயோ, போட்டுடாதீங்க! ஒரு நாள் கூட யூஸ் பண்ணாத டிக்கெட்னா அன்னைக்கு நீங்க குடுத்த விலையை புது டிக்கெட் விலைல கழிச்சுப்பாங்க, மீதியை மட்டும் கட்டினா போதும். ஒரு நாள் யூஸ் பண்ணியிருந்தாலும் இந்த சலுகை கிடையாது. ரொம்ப பழைய காலத்து டிக்கெட் சிலதுக்கு காலாவதியே இல்ல, அதனால பின்பக்கத்தை நல்லா படிச்சுட்டு, அந்த நம்பரோட டிஸ்னிக்கே போன் போடுங்க. போட்டோ எடுத்து எங்கயும் போஸ்ட் மட்டும் பண்ணிடாதீங்க, நம்பர் தெரியும்.