15,000 ரூபா ‘கடன் விடுதலை’ லெட்டர் அனுப்பலாமா?

கேள்வி: ஆசிரியர் சாருக்கு வணக்கம். வீடு கட்ட பேங்க்ல 18 லட்சம் வாங்கினேன். தக்காளி லோடு அடிக்கிற வண்டித் தொழில் படுத்துருச்சு, எட்டு மாசமா டியூ கட்டல, பாக்கி 17 லட்சத்து சொச்சம். 60 நாள் நோட்டீஸ் வந்து ஒரு மாசம் ஆச்சு. என் மச்சான் ஓசூர்ல ஒரு மீட்டிங்குக்கு கூட்டிட்டு போனார். பேங்க் குடுத்தது அவங்க பணமே இல்ல, கம்ப்யூட்டர்ல நம்பர் தட்டி உருவாக்கினது, அதனால கடன் செல்லாதுன்னு அங்க சொன்னாங்க. 15,000 கட்டுனா ஒரு லெட்டரும் கடன் விடுதலை சர்டிபிகேட்டும் தர்றாங்க. 5,000 அட்வான்ஸ் குடுத்துட்டேன். லெட்டர் காப்பி இணைச்சிருக்கேன். அனுப்பலாமா? அட்வான்ஸ் திரும்ப வருமா? வீடு என் சம்சாரம் பேர்ல இருக்கு.
– பெயர் வேண்டாம், பாலக்கோடு.

பதில்: அனுப்பாதீங்க. மீதி 10,000 குடுக்கவும் குடுக்காதீங்க.

லெட்டர ரெண்டு தடவ படிச்சேன். நாலு பக்கம். இங்கிலீஷ்ல கேப்பிடல் எழுத்துல இருக்கிற உங்க பேரு நீங்க இல்லையாம், அது கவர்ன்மென்ட் உருவாக்கின ஒரு கம்பெனியாம், நீங்க ‘உயிருள்ள மனிதன்’ஆம். கையெழுத்துக்கு பதிலா சிவப்பு மையில கட்டைவிரல் ரேகை, மூலைல ரெவின்யூ ஸ்டாம்ப் சாய்வா ஒட்டணும். 10 நாளைக்குள்ள பேங்க் பதில் சொல்லலைன்னா கடன் ரத்துன்னு அவங்களே ஒத்துக்கிட்டதா அர்த்தமாம். யாரோ ஒருத்தன் யாருக்கோ லெட்டர் போட்டு, பதில் வரலைன்னா கடன் தீர்ந்துச்சுன்னா இந்த நாட்டுல ஒருத்தன் கடனாளியா இருப்பானா சொல்லுங்க.

இது நம்ம ஊர் சரக்கே இல்ல. 1968ல அமெரிக்காவுல மின்னசோட்டா மாநிலத்துல ஜெரோம் டேலின்னு ஒரு வக்கீல், 14,000 டாலர் வீட்டுக் கடன் கட்டாம, பேங்க் காத்துல இருந்து உருவாக்கின பணம்னு இதே வாதத்த வெச்சாரு, கீழ்மட்ட ஜஸ்டிஸ் ஆஃப் பீஸ் கோர்ட்ல ஜெயிச்சும் காட்டினாரு. அத மட்டும் தான் மீட்டிங்ல சொல்லிருப்பாங்க. அந்த தீர்ப்பு பின்னால செல்லாமப் போனதையும், 1971ல அவர் வக்கீல் தொழில் பண்ற உரிமையே பறிபோனதையும் சொல்லிருக்க மாட்டாங்க. கனடாவுல ஆல்பர்ட்டா நீதிபதி ஜான் ரூக் 2012ல மீட்ஸ் வழக்குல இந்த கேப்பிடல் எழுத்து, கைரேகை, ஸ்டாம்ப் வித்தை எல்லாத்தையும் ஒண்ணொண்ணா பிரிச்சு மேஞ்சு, இது எதுவும் சட்டமே இல்ல, இத விக்கிறவங்க தான் காசு பாக்குறாங்கன்னு பக்கம் பக்கமா எழுதி வெச்சிருக்காரு. அங்க போணியாகாத சரக்க தமிழ்ல போட்டு ஓசூர்ல விக்கிறாங்க.

அந்த ‘காத்துல வந்த பணம்’ வாதத்துல பாதி உண்மை இருக்கு, அதான் படிச்சவங்களும் விழுறாங்க. பேங்க் லோன் குடுக்கும்போதே புதுசா டெபாசிட் உருவாகுதுன்னு பேங்க் ஆஃப் இங்கிலாந்தே 2014ல விளக்கி எழுதியிருக்கு. சரி, இருக்கட்டும். அந்த நம்பர் உங்க அக்கவுண்ட்ல இருந்து செங்கல் சூளைக்கும் கம்பி கடைக்கும் கொத்தனார் கைக்கும் போச்சா இல்லையா? வீடு எழும்புச்சா இல்லையா? நீங்க கையெழுத்து போட்டு, சம்சாரம் பேர்ல பத்திரத்த வெச்சு, எம்.ஓ.டி. (பத்திரத்த பேங்க்ல அடமானமா வெச்சதுக்கான ஆவணம்) பதிஞ்சு வாங்கின கடன் அது. எம்.ஓ.டி. வில்லங்க சான்றுல ஏறி உக்காந்திருக்கு. பேங்க் ரசீது பத்திரம் எழுதிக் குடுத்து சார்பதிவாளர் ஆபீஸ்ல பதிஞ்சா தான் அது இறங்கும், கலர் பிரிண்ட் எடுத்த சர்டிபிகேட்ட காட்டினா இறங்காது. இந்த மாதிரி கடன் தள்ளுபடி சர்டிபிகேட் குடுக்கிறோம்னு ஃபீஸ் வாங்குறவங்கள நம்பாதீங்க, போலீஸ்ல சொல்லுங்கன்னு ரிசர்வ் பேங்க் 2023 டிசம்பர்லயே எச்சரிக்கை விட்டிருக்கு.

எனக்கு கோவம் அந்த 15,000ல கூட இல்ல. உங்ககிட்ட மிச்சம் இருக்கிற ஒரு மாசத்த இவங்க திங்கிறாங்களே, அதுல தான். உங்களுக்கு வந்தது 2002 சர்ஃபேசி சட்டத்துல 13(2) நோட்டீஸ். இதுல பேங்க் கோர்ட்டுக்கு போகாமயே வீட்ட எடுக்கலாம். 60 நாளைக்குள்ள நீங்க எழுத்துல ஆட்சேபணை குடுத்தா 15 நாளைக்குள்ள பேங்க் காரணம் சொல்லி பதில் குடுத்தே ஆகணும், அது சட்டம் உங்களுக்கு குடுத்த ஒரு நல்ல வாய்ப்பு, அந்த இடத்துல போய் ‘உயிருள்ள மனிதன்’னு எழுதி வெச்சா உங்க ஆட்சேபணைன்னு ஃபைல்ல இருக்கப் போறது அது தான்.

காவேரிப்பட்டணம் பக்கம் ஒருத்தர் இதே மாதிரி லெட்டர ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பி, அக்னாலெட்ஜ்மென்ட் கார்ட லேமினேட் பண்ணி வெச்சிருந்தார். கேட்ல ‘தனி மனித எல்லை, அதிகாரிகள் நுழையத் தடை’ன்னு போர்டு வேற. பேங்க் அதே சட்டத்துல பிரிவு 14ல மாஜிஸ்ட்ரேட் ஆர்டர் வாங்கி, வி.ஏ.ஓ., ரெண்டு போலீஸ், பூட்டு உடைக்கிற ஆளோட வந்துச்சு. போர்ட யாரும் படிக்கக் கூட இல்ல. பீரோ, ரெண்டு கட்டில், இன்வெர்ட்டர் பேட்டரின்னு லிஸ்ட் எழுதினாங்க. கிரைண்டர்ல பாதி அரைச்ச மாவு கிடந்துச்சு, அந்தம்மா வழிச்சு எடுத்துக்கிறேன்னு டைம் கேட்டாங்க, குடுத்தாங்க, அப்புறம் சீல். ஏலத்துல வந்த காசு கடனுக்கு பத்தல. மிச்சத்துக்கு இப்ப அவருக்கும் நோட்டீஸ், ஜாமீன் கையெழுத்து போட்ட அவர் அண்ணனுக்கும் நோட்டீஸ். லெட்டர் எழுதிக் குடுத்தவரோட போன் நம்பர் உபயோகத்துல இல்லையாம்.

நாளைக்கே பிராஞ்ச்சுக்கு போய் முழு அக்கவுண்ட் ஸ்டேட்மென்ட் கேளுங்க, எழுதிக் குடுத்து கேளுங்க. பேங்க் ஒண்ணும் உத்தமர் இல்ல, கண்ட சார்ஜையும் ஏத்தியிருப்பாங்க, கட்டின டியூ வரவு வராம இருக்கும், நோட்டீஸ்ல பாக்கிய விவரமா பிரிச்சுக் காட்டாம இருப்பாங்க. அதெல்லாம் தான் உண்மையான ஆட்சேபணை. சட்டப்படி முழு பாக்கியையும் கேக்கலாம்னாலும், நின்னு போன டியூ மொத்தமும் கட்டினா அக்கவுண்ட்ட ரெகுலர் பண்ணிக்கிற பேங்க் நிறைய உண்டு. ஒரு தொகை பேசி கடன ஒரேயடியா முடிக்கிற ஒன் டைம் செட்டில்மென்ட் கேட்டுப் பாருங்க, ஆனா அது உரிமை இல்ல, சுப்ரீம் கோர்ட் 2021லயே சொல்லிருச்சு. வண்டிய வித்து டியூவ அடைக்க முடியுமா, இல்ல பேங்க் சம்மதத்தோட வீட்டையே நீங்களா நல்ல விலைக்கு விக்க முடியுமான்னும் யோசிங்க, கசக்கும் தான், ஆனா ஏலத்துல போற விலைய விட பெரும்பாலும் மேல. ஏல அறிவிப்பு வெளியாகிற வரைக்கும் முழு பாக்கிய கட்டி மீட்கலாம், அதுக்கு மேல இல்ல.

வீட்ட எடுத்துக்கிட்டோம்னு பேங்க் சுவாதீன அறிவிப்பு ஒட்டிட்டா அதுல இருந்து 45 நாளைக்குள்ள டிஆர்டிக்கு, அதாவது கடன் வசூல் தீர்ப்பாயத்துக்கு, போகலாம். தர்மபுரில சிவில் கோர்ட்ல ஸ்டே வாங்கித் தர்றேன்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க, சர்ஃபேசி சட்டத்துல பிரிவு 34 அந்த கதவ அடைச்சிருக்கு. டிஆர்டி தமிழ்நாட்டுல சென்னை, கோவை, மதுரைல தான் இருக்கு. உங்க பாக்கிக்கு அங்க மனு ஃபீஸ் 7,000 தான் வரும், மீட்டிங்காரங்க கேட்டதுல பாதி கூட இல்ல. இன்னொண்ணு, வீடு சம்சாரம் பேர்ல இருக்கிறதால அவங்க மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல மனு குடுக்கலாம், பொம்பளைங்களுக்கு வருமான வரம்பு பாக்காம இலவச சட்ட உதவி உண்டு, தர்மபுரி கோர்ட் வளாகத்துல விசாரிங்க.

‘அது விவசாய நிலம், சர்ஃபேசி செல்லாது’ன்னு டீக்கடைல யாராச்சும் ஐடியா குடுப்பாங்க. விவசாய நிலத்துக்கு விலக்கு இருக்கிறது நிஜம். ஆனா அங்க உண்மையிலயே விவசாயம் நடக்குதுன்னு நீங்க தான் நிரூபிக்கணும்னு 2023ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. மாடி வீட்டு முன்னால நாலு முருங்கை நிக்கிறது விவசாயம் ஆகாது.

அட்வான்ஸ் விஷயம். ஜிபேல அனுப்பியிருந்தா ஸ்கிரீன்ஷாட், மீட்டிங் நோட்டீஸ், அவங்க குரூப்ல போட்ட வாய்ஸ் மெசேஜ் எல்லாம் அழிக்காம வெச்சு, எஸ்.பி. ஆபீஸ்ல எழுதிக் குடுங்க. வருமான்னா உறுதி சொல்ல முடியாது. உங்க மச்சான் அந்த மீட்டிங்குக்கு ஆள் சேத்து விட்டா கமிஷன் வாங்குறாரான்னு மட்டும் சம்சாரத்த விட்டு கேக்கச் சொல்லுங்க, ஏன்னா புகார்ல அவர் பேரும் வரும்.