போன சீசனில் 13 வெற்றி பெற்ற என்.எஃப்.எல். (அமெரிக்கக் கால்பந்து லீக்) அணி அடுத்த சீசனிலும் அப்படி ஆடும் என்று நம்பலாமா?

வெற்றிக் கணக்கை மட்டும் பார்த்து நம்பாதீர்கள். 2022 மினசோட்டா வைக்கிங்ஸ் அணியையே எடுத்துக்கொள்ளுங்கள்: 13 வெற்றி, 4 தோல்வி. ஆனால் எடுத்த புள்ளிகள் 424, விட்டுக்கொடுத்தவை 427. இரண்டையும் தனித்தனியே 2.37 அடுக்குக்கு உயர்த்துங்கள். எடுத்ததை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்து 17 ஆட்டங்களால் பெருக்குங்கள். சுமார் 8.4 வெற்றி வரும், புள்ளிகளை வைத்து எதிர்பார்க்கக்கூடியது அவ்வளவுதான். அதுதான் அந்த அணியின் உண்மையான தரம்.

மீதி எங்கிருந்து வந்தது? 8 புள்ளி வித்தியாசத்துக்குள் முடிந்த 11 ஆட்டங்களிலும் அவர்களே ஜெயித்தார்கள். கோல்ட்ஸ் அணியிடம் 33-0 என்று பின்தங்கி, 39-36 என்று வென்றதும் அதில் ஒன்று. இப்படிப்பட்ட ஆட்டங்கள் ஏறக்குறைய பூவா தலையா மாதிரிதான், ஆண்டுக்காண்டு தொடராது. 2023-இல் முதல் மூன்று ஆட்டங்களையும் அதே குறுகிய வித்தியாசத்தில் தோற்றார்கள். குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் வீரர்) கர்க் கசின்ஸுக்குக் குதிகால் தசைநார் அறுந்தது வேறு. கடைசியில் 7 வெற்றி, 10 தோல்வி.

அட்டவணையையும் பாருங்கள். லீக் அணிகள் பல பிரிவுகளாக இருக்கின்றன; தன் பிரிவில் முதலிடம் பிடித்தால் அடுத்த ஆண்டு 17 ஆட்டங்களில் மூன்று, மற்றப் பிரிவுகளின் முதலிட அணிகளோடு மாட்டும். வைக்கிங்ஸுக்கு ஈகிள்ஸ், 49அர்ஸ், பெங்கால்ஸ் வந்தார்கள். ஆகஸ்ட் பயிற்சி ஆட்ட முடிவுகளை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை. முக்கிய வீரர்கள் அதில் பெரும்பாலும் ஓரமாகத்தான் உட்கார்ந்திருப்பார்கள்.