‘பாட்டி தூங்குறாங்க’ என்று பிள்ளையிடம் சொல்லலாமா?

கேள்வி: போன மாதம் என் மாமியார் இறந்துபோனார். ஐந்து வயது மகளிடம், “பாட்டி இயேசுவுக்குள்ள தூங்குறாங்க” என்றோம். அன்றிலிருந்து படுக்கவே பயப்படுகிறாள். “நான் ஜெபம் பண்ணினேனே, ஏன் பாட்டிக்குச் சரியாகல?” என்றும் கேட்கிறாள். என்ன சொல்வது?
— ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்று கல்லறைக் கல்லில் படிக்கும்போது நமக்கு ஆறுதல். ஐந்து வயதுப் பிள்ளைக்கோ தூக்கம் என்றால் தூக்கம்தான். தூங்கிய பாட்டியைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டார்கள், நான் தூங்கினால்? இயேசுவின் சீஷர்களே இந்தச் சொல்லில் தடுமாறினார்கள். பைபிளில் யோவான் 11-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள்: நம் நண்பன் லாசரு நித்திரையடைந்திருக்கிறான் என்று இயேசு சொன்னதும், தூங்கினால் சுகமாகிவிடுவானே என்றார்கள். அப்புறம்தான் அவர், லாசரு மரித்துப்போனான் என்று வெளிப்படையாகச் சொன்னார். நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.

படுக்கப்போகும் நேரம் வேண்டாம், பகலில், மடியில் வைத்துக்கொண்டு: “பாட்டி இறந்துட்டாங்க. அவங்க உடம்பு வேலை செய்றது நின்னுபோச்சு. இனி பசிக்காது, வலிக்காது, மூச்சும் வராது. தூக்கம் வேற.” அவள் உள்ளங்கையை அவள் நெஞ்சிலேயே வையுங்கள். “இது தூங்கும்போதும் துடிச்சுக்கிட்டே இருக்கும். காலையில முழிச்சுக்குவே.” அதற்குப் பிறகு, “பாட்டி இயேசுகிட்ட இருக்காங்க, ஒருநாள் நாமளும் பார்ப்போம்” என்று சொல்லுங்கள். பரலோகத்தில் ஆரம்பித்தால், “எப்போ திரும்பி வருவாங்க?” என்பாள். செத்தவர் திரும்பமாட்டார் என்பது இந்த வயதில் பல பிள்ளைகளுக்கு முழுதாகப் பிடிபடுவதில்லை. அதனால் அதே கேள்வி பத்துத் தடவை வரும். பத்துத் தடவையும் அதே வார்த்தைகளில் சொல்லுங்கள், மாற்றினால் குழம்புவாள்.

‘கர்த்தர் எடுத்துக்கிட்டார்’ என்றால் ஆண்டவர் பிள்ளைபிடிக்காரர் ஆகிவிடுவார். ‘நல்லவங்களைச் சீக்கிரம் கூப்பிடுவார்’ என்றால், நல்ல பிள்ளையாக இருக்கவே பயம் வரும். இப்படியெல்லாம் சொல்ல வேண்டாம் என்று வீட்டுக்கு வரும் உறவினர்களிடமும் சொல்லி வையுங்கள்.

ஜெபத்தைப் பற்றிய கேள்விக்குள், ‘நான் சரியா ஜெபிக்கலையோ’ என்ற பயம் ஒளிந்திருக்கலாம். முதலில் அதை எடுங்கள்: “நீ ஒரு தப்பும் பண்ணல. நீ ஜெபிச்சது இயேசுவுக்குக் கேட்டுச்சு.” ஏன் குணமாக்கவில்லை என்பதற்கு, “அம்மாவுக்கும் தெரியலடா, எனக்கும் அழுகையா வருது” என்பதே உண்மையான பதில். காரணம் எதையும் கட்டிச் சொல்லாதீர்கள். லாசருவின் கல்லறைக்குப் போனபோது இயேசுவும் அழுதார் என்று சொல்லுங்கள். அழுகை வந்தால் சேர்ந்தே அழுங்கள்.

இரவு ஜெபத்தைச் சில நாளுக்குச் சுருக்கிக்கொள்ளுங்கள். பாட்டி தலை பின்னிவிட்டது, முறுக்கு சுட்டுத் தந்தது என்று ஒன்றை அவளே சொல்லி நன்றி சொல்லட்டும். சிறிய விளக்கு எரியட்டும். சில வாரம் ஆகியும் தூக்கம் சரியாகாவிட்டால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.