கொலோசியத்தில் கட்டண தரிசனம் உண்டா?

கேள்வி: பாளையங்கோட்டையில் ஓய்வு பெற்ற ஆசிரியை நான். வயது 67, முட்டுவலி உண்டு. ஜெர்மனியில் இருக்கும் மகளிடம் போகிறேன். ரோம் கூட்டிப்போவதாகச் சொல்கிறாள். டவுனில் ஒரு ஏஜென்ட், அங்கே கொலோசியம் என்ற பழங்கால அரங்கத்தை வரிசையே இல்லாமல் பார்க்க 9,000 ரூபாய் முன்பணம் கேட்கிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள் டீச்சர். திருச்செந்தூரில் கட்டண வரிசை தனியாக ஓடுகிறது இல்லையா, அந்த நினைப்பில்தான் நாம் ஏமாறுகிறோம். கொலோசிய வாசலில் பாதுகாப்புச் சோதனைக்கு எல்லோரும் நின்றே ஆக வேண்டும். பணம் கொடுத்துத் தப்பிப்பது டிக்கெட் கவுன்டர் வரிசையை மட்டும். ஆன்லைனில் வாங்கியவருக்கு அந்த வரிசையே கிடையாது. இல்லாத வரிசைக்குத்தான் 9,000.

சாதாரண டிக்கெட் 18 யூரோ. அதிகாரபூர்வத் தளத்தில் 30 நாள் முன்னால் விற்பனை திறக்கும். மகளை அன்றைக்கே உட்காரச் சொல்லுங்கள், மளமளவென்று தீர்ந்துவிடும். எங்கே போகிறது என்கிறீர்கள்? மொத்தமாக வளைத்துப்போடுகிற டூர் கம்பெனிகளிடம். இதற்காக 2025-ல் இத்தாலியின் போட்டி ஒழுங்குமுறை ஆணையம், முன்பு டிக்கெட் விற்ற நிறுவனத்துக்கும் ஆறு டூர் கம்பெனிகளுக்கும் சேர்த்து ஏறக்குறைய 2 கோடி யூரோ அபராதம் போட்டது. அபராதம் அரசாங்கத்துக்குப் போனது. டிக்கெட் கிடைக்காமல் திரும்பியவருக்கு என்ன வந்தது? மெட்ரோவை விட்டு வெளியே வந்ததுமே, "இன்றைக்கு டிக்கெட் தீர்ந்துபோச்சு, என்னிடம் இருக்கு" என்று ஒருவர் வருவார். நிற்காமல் நடங்கள். கிளாடியேட்டர் (பழைய ரோமின் வாள்வீரர்) வேஷக்காரரோடு போட்டோவும் வேண்டாம். எடுத்து முடிந்த பிறகுதான் காசு பேசுவார்.

வயதுக்கான சலுகை உங்களுக்குக் கிடையாது. மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம்தான், ஆனால் ஆனித் தேரோட்டக் கூட்டம் இருக்கும். முட்டுவலிக்கு அது ஆகாது.

அப்புறம் பெயர். டிக்கெட்டில் பெயர் அச்சாகும், வாசலில் பாஸ்போர்ட்டோடு ஒத்துப் பார்ப்பார்கள். நமக்கோ இன்ஷியல். ரேஷன் கார்டில் 'சு. பேச்சியம்மாள்' என்று இருப்பவர், பாஸ்போர்ட்டில் 'பேச்சியம்மாள் சுடலைமுத்து' ஆகியிருப்பார். வீட்டில் கூப்பிடுகிற பெயரோ, பென்ஷன் புத்தகப் பெயரோ வேண்டாம். பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து அடிக்கச் சொல்லுங்கள். குடும்பப் பெயர் என்ற கட்டம் பாஸ்போர்ட்டில் காலியாக இருந்தால் என்ன செய்வது? டிக்கெட் படிவம் காலியை ஏற்காவிட்டால், அதே பெயரை இரண்டு கட்டத்திலும் போடச் சொல்லுவேன். கணவர் பெயரையோ ஊர்ப் பெயரையோ புதிதாக ஒட்டாதீர்கள். அசல் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

மேல்தளத்துக்கு லிஃப்ட் இருக்கிறது. முட்டுவலி என்று வாசலிலேயே மகள் சொல்லட்டும். கண்ணாடி பாட்டில் உள்ளே விடமாட்டார்கள், கஷாயமோ தைலமோ கொண்டுபோனால் பிளாஸ்டிக்கில் மாற்றிக்கொள்ளுங்கள். குடிதண்ணீரைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம். தெருவோரம் 'நசோனி' என்ற இரும்புக் குழாய்களில் நல்ல தண்ணீர் இருபத்துநாலு மணி நேரமும் கொட்டும். குழாயின் வாயை விரலால் அடைத்தால் மேலே உள்ள துளை வழியாகப் பீய்ச்சும், குனிய வேண்டாம்.

அதே டிக்கெட்டில் பக்கத்திலுள்ள ரோமன் ஃபோரம் என்ற பழைய நகரச் சதுக்கத்தின் இடிபாடுகளையும் பார்க்கலாம். ஆனால் அங்கே பாதை முழுக்க மேடு பள்ளமான கருங்கல். சேலைக்குப் பொருந்தாது என்று பார்க்காமல் கான்வாஸ் ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.